மூட்டை கட்டும் மாதம்

எஸ்ஃபந்து மாதம் பிறந்துவிட்டால் எங்கள் ஊர் ஹமதானில் யாரும் யாரையும் "எங்கே போகிறாய்" என்று கேட்பதில்லை. கையில் ஒரு மூட்டை இருந்தால் போதும், ஊரே வழிவிடும். வருடத்தின் கடைசி மாதம் அது. வசந்தம் பிறக்கிற நிமிடத்தில் புத்தாண்டு பிறக்கும். அதற்குள் வீட்டை உலுக்கியாக வேண்டும். வீட்டைச் சுத்தம் செய்வது என்று நாங்கள் சொல்வதில்லை, உலுக்குவது என்றுதான் சொல்வோம். திரைச்சீலை, மெத்தை, விளக்கு, அலமாரி எல்லாவற்றையும் இருந்த இடத்திலிருந்து கிளப்பி, அடித்து, துவைத்து, வேண்டாததை மூட்டை கட்டி இல்லாதவர்களுக்குக் கொடுத்துவிட்டு மறுபடி அடுக்குவோம்.

என் வீட்டில் இந்த வேலையை நானும் என் தங்கை ஷஹ்லாவும் செய்வோம். வேறு யாரும் இல்லை. நான் ஹோமா, பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் துணைத் தலைமை ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். காலையில் வாசலில் நின்று நகம் பார்ப்பது, பையைத் துழாவிக் கண்ணாடியையும் உதட்டுச் சாயத்தையும் பிடிப்பது என் வேலை. சாக்ஸுக்குள் ஒளித்து வைத்த சாயத்தைக்கூட நடையை வைத்தே கண்டுபிடித்திருக்கிறேன். அந்தப் பெருமையை இங்கே சொல்லாவிட்டால் பிறகு நடந்ததில் எனக்கு எரிந்த எரிச்சல் உங்களுக்குப் புரியாது.

ஷஹ்லாவுக்கு நாற்பத்தெட்டு வயது, என்னைவிடப் பத்து வயது சின்னவள். சதுக்கத்தில் இருக்கும் மருந்துக் கடையில் வேலை. இருவருக்கும் கல்யாணம் ஆகவில்லை. அம்மா இறந்துபோன வருடம் இருவரும் அடுப்படியில் உட்கார்ந்து அழுதபோது அவள் என் முழங்காலில் தலையை வைத்து, "உன்னை விட்டுட்டு நான் எங்கக்கா போவேன்" என்று சொன்னாள். அவளாகவே சொன்னாள், நான் கேட்கவில்லை. அதன்பிறகு ஒரே ஒருமுறை, யாரோ ஒரு வங்கிக்காரர் பெண் கேட்டு வந்தார். அவர் வந்த அன்றைக்கு எனக்கு நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரிக்குப் போகும்படி ஆகிவிட்டது. டாக்டர் வாயு என்றார். வாயு என்றால் வலிக்காதா என்ன? வங்கிக்காரர் மறுபடி வரவில்லை. வந்திருந்தால் நான் வேண்டாம் என்றா சொல்லியிருப்பேன்?

எல்லா வருடமும் எஸ்ஃபந்து என்றால் ஷஹ்லாவுக்கு முகம் சுருங்கும். "இதைப் போன வருஷம்தானேக்கா துடைச்சோம்" என்று முனகிக்கொண்டேதான் ஏணியில் ஏறுவாள். இந்த வருடம் கதையே வேறு. மாதம் பிறந்த அன்றே தலையில் முண்டாசு கட்டிக்கொண்டு வந்து நின்றாள். "அக்கா, முதல்ல என் அறையிலேர்ந்து ஆரம்பிக்கலாமா?" என்றாள். எனக்குக் காதில் தேன் விழுந்த மாதிரி இருந்தது.

"உனக்கு என்னடி ஆச்சு? காய்ச்சலா?"

"நீதானே வருஷா வருஷம் சொல்றே, வீட்டோட சேர்த்து மனசையும் உலுக்கணும்னு. இந்த வருஷம் உலுக்கிப் பார்ப்போம்னு இருக்கேன்."

உலுக்கினாள், மறுக்கமாட்டேன். தன் அலமாரியில் இருந்ததை எல்லாம் கட்டிலில் கொட்டி, ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து இரண்டு குவியலாக்கினாள். குளிர்காலக் கோட்டு, சால்வை, நல்ல செருப்பு, அம்மாவின் வெல்வெட் மேசை விரிப்பு எல்லாம் ஒரு குவியல். கிழிந்ததும் சாயம் போனதும் இன்னொன்று. இரண்டையும் மூட்டையாகக் கட்டினாள்.

"நல்லதைப் போய் ஏண்டி கட்டுறே?"

"கொடுக்கறதுன்னா நல்லதைத்தானே கொடுக்கணும்?"

இதற்கு மேல் நான் என்ன கேட்பேன்? என் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. கிழிந்ததைக் கொடுத்துப் புண்ணியம் தேடுகிற இந்த ஊரில் என் தங்கை வெல்வெட் விரிப்பைக் கொடுக்கிறாள்! மூட்டையின் முடிச்சு தளர்வாக இருந்தது. "இப்படிக் கட்டினா டாக்ஸியிலேயே அவிழ்ந்துடும், தள்ளு" என்று சொல்லி, நானே முழங்காலை வைத்து அழுத்தி இறுக்கிக் கட்டினேன். வெல்வெட் விரிப்பு சுருக்கத்தோடு போகக்கூடாது என்று இஸ்திரி போட்டுக் கொடுத்ததும் நான்தான்.

அதற்குப் பிறகு ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஒரு மூட்டை போயிற்று. வேலைக்குப் போகும்போது எடுத்துப் போவாள், திரும்பி வரும்போது வெறுங்கையோடு, கன்னம் சிவந்து வருவாள். பாத்திரத்தில் இரண்டு சட்டி போயிற்று, பூப்போட்ட தட்டுகளில் பாதி போயிற்று. "ரெண்டு பேருக்கு எதுக்குக்கா இத்தனை தட்டு?" என்றாள். சரிதானே என்று பட்டது. தேநீர்ச் சமோவார் ஒன்று பெட்டிக்குள் சும்மா கிடந்தது, அதுவும் போயிற்று. ஒருநாள் பனி பெய்து தெரு வழுக்கலாக இருந்தது. அவள் கையில் இரண்டு மூட்டை. நான் கோட்டை மாட்டிக்கொண்டு ஒரு மூட்டையை டாக்ஸி வரைக்கும் தூக்கிக்கொண்டு போனேன். எதிர் வீட்டு அக்தஸ் ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவளைப் பார்த்துக் கையை ஆட்டி, "பார்த்தியா, என் தங்கையை!" என்று கத்தினேன். அக்தஸ் சட்டென்று திரையை இழுத்துவிட்டாள். திரையைத் துவைக்கக் கழற்றுகிறாள் போல என்று நினைத்துக்கொண்டேன்.

அவள் அலமாரிக்குள் புதிதாகக் காகிதம் விரித்தாள். கட்டிலுக்கு அடியில் ஊர்ந்து போய்த் துடைத்தாள். தலையணை உறை, போர்வை, கம்பளி எல்லாவற்றையும் நான் துவைத்தேன். அவள் சீப்பை வெந்நீரில் சோடா போட்டு ஊறவைத்துத் தேய்த்தேன். குளியலறைச் சாக்கடையில் கம்பியை விட்டு, வருடம் முழுக்கச் சேர்ந்த முடியைச் சுருட்டி எடுத்தேன். வினிகரில் நனைத்த செய்தித்தாளால் அவள் ஜன்னல் கண்ணாடியைத் தேய்த்தபோது, அவள் நெற்றியை வைத்து வைத்து உண்டான மங்கல் வட்டம்கூடப் போய்விட்டது. மாலையில் அந்த அறை வாசலில் நின்று பார்த்தேன். கல்யாண வீட்டு அறை மாதிரிப் பளபளத்தது. அத்தனை சந்தோஷமாக இருந்தேன், அதை நினைத்தால்தான் இப்போது வயிறு எரிகிறது.

கம்பளங்கள் இரண்டு. அம்மா எங்கள் இருவருக்காகவும் ஒரே தறியில் ஜோடியாக நெய்யச் சொல்லி வாங்கியவை. விருந்தினர் அறையில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கும். பூவைப் பார்த்தால் ஒன்று மற்றொன்றின் கண்ணாடிப் பிம்பம். கம்பளம் கழுவுகிற சஃபர் வேன் கொண்டுவந்து இரண்டையும் சுருட்டி எடுத்துப் போனார். அவர் பத்து வருடமாக எங்கள் வீட்டுக் கம்பளத்தைக் கழுவுகிறவர். புத்தாண்டுக்கு மூன்று நாள் இருக்கும்போது காலையில் திரும்பி வந்தார். தோளில் ஒரே ஒரு கம்பளம்.

வந்ததும் வராததுமாக, "டீச்சரம்மா, முபாரக்! இனிப்பு எங்கே?" என்றார்.

"புத்தாண்டு இன்னும் வரலையே, சஃபர். அதுக்குள்ள என்ன இனிப்பு?"

"புத்தாண்டை யாரு சொன்னா? தங்கச்சி கல்யாணத்துக்குக் கேக்குறேன். அதுக்குக்கூட இனிப்பு கிடையாதா?"

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். கேலி செய்கிற முகம் இல்லை அது.

"இன்னொரு கம்பளம் எங்கே?"

"அதை நேத்தே அந்த வீட்டுல போட்டுட்டோமே! தங்கச்சி அங்க இறக்கச் சொன்னாங்க. மூணாவது மாடி, லிஃப்டும் கிடையாது, இடுப்பு விட்டுப் போச்சு. ஆனா மாப்பிள்ளை தங்கமான மனுஷன். நம்ம மலாயர் ஊர்த் திராட்சை விக்கிற கடைக்கார நௌசர் இவ்வளவு தாராளம்னு எனக்குத் தெரியாது. ஆளுக்கு ஒரு பொட்டலம் உலர்ந்த திராட்சை கட்டிக் கொடுத்தாரு."

நான் என்ன செய்தேன் தெரியுமா? சிரித்தேன். "ஆமா ஆமா, அங்க போடச் சொல்லியிருந்தோம்ல, மறந்தே போச்சு" என்றேன். உள்ளே போய், புத்தாண்டுக்குச் செய்து வைத்திருந்த கடலைமாவு பிஸ்கட்டில் ஒரு தட்டு நிறைய எடுத்துவந்து அவரிடம் நீட்டினேன். கம்பளக்காரர் முன்னால் தங்கையின் கல்யாணம் தெரியாத அக்காவாக நிற்பதைவிடச் செத்துப் போகலாம் என்று இருந்தது. அவர் வாயில் ஒன்றைப் போட்டுக்கொண்டு, "உங்க கை நோகாம இருக்கட்டும்" என்று வாழ்த்திவிட்டுப் போனார்.

கதவைச் சாத்தினேன். சுருட்டின கம்பளத்தின் மேலேயே உட்கார்ந்தேன். ஈர வாசனை அடித்தது. வெல்வெட் விரிப்பு, சட்டி, தட்டு, சமோவார் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக என் கண் முன்னால் போயின. ஒவ்வொன்றுக்கும் கதவைத் திறந்து பிடித்தது நான். முடிச்சைப் போட்டதும் நான். திருடன்கூட வீட்டுக்காரியைக் கூப்பிட்டு மூட்டையைத் தூக்கிவிடச் சொல்லமாட்டான்.

நேராக அக்தஸ் வீட்டுக்குப் போனேன். ஏணியில் நின்று விளக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்த்ததுமே துணி கையிலிருந்து விழுந்தது.

"உனக்குத் தெரியுமா?"

"எது ஹோமா அக்கா?"

"ஏணியிலேர்ந்து இறங்கு. இறங்கிப் பதில் சொல்லு."

என் பள்ளிக்கூடக் குரலுக்கு அவள் இறங்கினாள். "அக்கா, சத்தியமா நான் சொல்லிடலாம்னுதான் சொன்னேன். ஷஹ்லாதான் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதா. உங்களுக்கு மறுபடி நெஞ்சுவலி வந்துடும்னு பயந்தா. நிக்காஹ் முடிஞ்சதும் அவளே சொல்றதாச் சொன்னா."

"நிக்காஹ் எப்போ?"

"புத்தாண்டுக்கு முந்தின நாள். வருஷம் பிறக்கிற நிமிஷம் அந்த வீட்டுப் புத்தாண்டு விரிப்புல உட்காரணுமாம்."

அந்த இடத்தில்தான் எனக்கு நிஜமாகவே அடி விழுந்தது. வருடம் பிறக்கிற நிமிடத்தில் யாரோடு உட்கார்ந்திருக்கிறோமோ, வருடம் முழுக்க அவர்களோடுதான் என்பது எங்கள் நம்பிக்கை. சண்டைக்காரன்கூட அந்த நிமிடத்துக்கு வீடு வந்து சேருவான். என் தங்கை நாள் பார்த்து, கணக்காக, அந்த நிமிடத்தை என்னிடமிருந்து எடுத்துப் போகிறாள்.

"வேற யாருக்கெல்லாம் தெரியும்?"

"ஐயோ, யாருக்குமே தெரியாதுக்கா. எங்க வீட்டுல தெரியும். மருந்துக் கடையில தெரியும். அப்புறம் ரொட்டிக் கடையில..."

"ரொட்டிக் கடையில!"

"நௌசரோட மச்சான் கடைதானேக்கா அது."

அதாவது ஊருக்கே தெரியும். நான் காலையில் ரொட்டி வாங்கப் போகும்போதெல்லாம் வரிசையில் நின்றவர்கள் என் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். "பார்த்தியா, என் தங்கையை" என்று நான் கத்தியதும் இந்தத் தெருவில்தான். தெருவே கேட்டிருக்கும்.

சாயங்காலம் ஷஹ்லா வந்தாள். கையில் கீரைக்கட்டு, புத்தாண்டுக்கு முந்தின இரவு மீனோடு சமைக்கிற கீரைச் சோற்றுக்காக வாங்கிய வெந்தயக்கீரையும் கொத்தமல்லியும். நான் முன்னறையில் விரிக்காத கம்பளத்தின் மேல் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அவள் என்னைப் பார்த்தாள், கம்பளத்தைப் பார்த்தாள். கீரைக்கட்டை மெல்லக் கீழே வைத்தாள்.

"சஃபர் வந்தாரா?"

"வந்தார். இனிப்பு கேட்டார். கொடுத்தேன்."

"அக்கா..."

"திராட்சை விக்கிறவனா? இந்த வயசுல உனக்கு மாப்பிள்ளை கேட்டுச்சா? அதுவும் பொண்டாட்டி செத்தவன்! அவன் வீட்டுல உலுக்க ஆள் இல்லைன்னு உன்னைக் கூட்டிட்டுப் போறான்டி!"

"அவர் வீட்டை அவரே துடைப்பார்க்கா. சோறும் வடிப்பார்."

"ஓஹோ. அதையும் பார்த்துட்டியா?"

"பார்த்தேன். நாற்பத்தெட்டு வயசு ஆயிடுச்சு, இன்னும் பார்க்காம வேற என்ன செய்யச் சொல்றே?"

இவள் இப்படிப் பேசி நான் கேட்டதில்லை. "எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல? நான் என்ன உன்னைக் கட்டியா போட்டிருக்கேன்?"

"சொன்னா நீ படுத்துப்பே. டாக்டர் வருவாரு. நான் உன் காலடியில உட்கார்ந்துப்பேன். அதோட முடிஞ்சு போகும்."

"அப்ப எனக்கு நிஜமாவே வலிச்சுது!"

"தெரியும்க்கா. நிஜமாவே வலிச்சுதுன்னு தெரியும். அதனாலதான் பயம்."

நான் எழுந்து நின்றேன். "பயமா? மூணு வாரத்துக்கு மேலா என் கண்ணுல மண்ணைத் தூவினியே, அப்போ இல்லாத பயமா? என்னையே முடிச்சுப் போட வெச்சியே! என்னையே இஸ்திரி போட வெச்சியே! உன் கல்யாண வீட்டு மேசைக்கு நான் இஸ்திரி போட்டிருக்கேன், அது எனக்குத் தெரியாது, ரொட்டிக் கடைக்காரனுக்குத் தெரியும்!"

ஷஹ்லா அழ ஆரம்பித்தாள். ஆனால் அழுதுகொண்டே பேசினாள், நிறுத்தவில்லை. "உன் கண்ணு முன்னாலதானேக்கா கட்டினேன்? ஒளிச்சு வெச்சேனா? ஒவ்வொரு மூட்டையும் உன் எதிர்லதான் கட்டினேன். 'எங்கடி போறே'ன்னு நீ கேட்டா உடனே சொல்லிடணும்னு ஒவ்வொரு நாளும் நினைச்சேன். நல்ல கோட்டைக் கட்டினேன், நீ கேக்கலை. அம்மா விரிப்பைக் கட்டினேன், கேக்கலை. சமோவாரைக்கூடத் தூக்கினேன்க்கா! அப்பவும் நீ முடிச்சு தளர்வா இருக்குன்னுதான் சொன்னே."

"எஸ்ஃபந்து மாசத்துல மூட்டை கட்டுறவளைப் பார்த்து எவளாவது எங்கே போறேன்னு கேப்பாளாடி?"

அவளுக்கும் தெரியும். அதற்காகத்தானே இந்த மாதத்தைத் தேர்ந்தெடுத்தாள்! வேறு எந்த மாதத்திலாவது அவள் ஒரு கரண்டியை வெளியே எடுத்துப் போயிருந்தால் நான் கையைப் பிடித்திருப்பேன்.

"அம்மா போனப்ப என்ன சொன்னே? என்னை விட்டு எங்கே போவேன்னு சொன்னியே, ஞாபகம் இருக்கா?"

"இருக்கு. அப்ப நான் நிஜமாத்தான் சொன்னேன்."

"இப்ப?"

"இப்பவும் உன்னை விட்டுப் போகலை. மூணு பஸ் நிறுத்தம்தானேக்கா. நீயும் வா. வருஷம் பிறக்கும்போது எங்களோட வந்து உட்காரு. நௌசர்தான் முதல்ல சொன்னார், அக்கா இல்லாம விரிப்பு விரிக்கக் கூடாதுன்னு."

எங்களோட, என்றாள். அந்த ஒரு வார்த்தையில் நான் வெளியே நின்றேன். "உன் திராட்சைக்காரன் எனக்கு இடம் கொடுக்கத் தேவையில்லை" என்று சொல்லிவிட்டு என் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். நெஞ்சுவலி வரும் என்று காத்திருந்தேன். சொன்னால் நம்பமாட்டீர்கள், வரவில்லை. வந்திருந்தால் அவள் இருந்திருப்பாள் என்று நினைத்தேன். அப்படி நினைத்தேன் என்பதும் எனக்கு அப்போதே தெரிந்தது, அதனால் இன்னும் ஆத்திரம்தான் வந்தது.

மறுநாள் காலையில் அவள் ஒரு சிறிய பெட்டியோடு அக்தஸ் வீட்டுக்குப் போய்விட்டாள், அங்கிருந்து நிக்காஹுக்கு. போகும் முன்னால் கீரையை ஆய்ந்து, கழுவி, ஈரத்துணியில் சுற்றி வைத்திருந்தாள். நான் அதைச் சமைக்கவில்லை. நிக்காஹ் அன்று அக்தஸ் புதுச் சால்வையோடு வந்து கதவைத் தட்டி, "வாங்கக்கா, கையெழுத்துப் போடுற நேரத்துக்காவது வாங்க" என்று கெஞ்சினாள். எனக்கு ஜன்னல் துடைக்க வேண்டியிருக்கிறது என்றேன். துடைத்த ஜன்னலை மறுபடி துடைத்தேன்.

வருடம் பிறந்தது மதியம். நான் புது உடுப்பு போட்டு, விரிப்பில் புத்தாண்டுக்கு வைக்கிற ஏழு பொருளையும் ஒழுங்காக வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றி, கண்ணாடியை நடுவில் நிறுத்தி உட்கார்ந்தேன். இதில் எல்லாம் நான் குறை வைக்கமாட்டேன். அந்த நிமிடத்தில் எப்படி இருக்கிறோமோ வருடம் முழுக்க அப்படி என்பதால் அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். வருடம் பிறந்ததென்று தொலைக்காட்சியில் பீரங்கி வெடித்தது. கண்ணாடியில் என் முகம் மட்டும் இருந்தது, பல்லைக் கடித்தபடி. கூடத்தில் தொலைபேசி அடித்தது. எடுக்கவில்லை. ரொம்ப நேரம் அடித்தது.

சாயங்காலமே இருவரும் வந்தார்கள். வராமல் இருக்க முடியாது, நான் மூத்தவள், முதல் சந்திப்பு எனக்குத்தான். கதவைத் திறக்காமலும் இருக்க முடியாது, புத்தாண்டில் விருந்தாளிக்குக் கதவைச் சாத்துகிறவளை ஊர் மன்னிக்காது. நௌசர் குள்ளமான, வழுக்கை விழுந்த மனிதர். கையில் திராட்சைப் பெட்டி. "அக்கா, நூறு வருஷம் நூறாயிரமாகட்டும்" என்று தரையைப் பார்த்துக்கொண்டே புத்தாண்டு வாழ்த்துச் சொன்னார். பயந்துபோயிருந்தார். வாசலில் நகம் காட்டுகிற பிள்ளைகள் மாதிரி இருந்தது அவர் நிலை. வெறுக்க வசதியான ஆளாக இருந்திருக்கக்கூடாதா என்று தோன்றியது.

அவர்களை விருந்தினர் அறைக்கு அழைத்துப் போனேன். ஒற்றைக் கம்பளம் நடுவில் கிடந்தது, சுற்றிலும் வெறும் தரை. ஷஹ்லா சோபாவின் நுனியில் உட்கார்ந்தாள். அந்த சோபாவில் நானும் அவளும் என்றைக்கும் உட்கார்ந்ததில்லை, அது வருகிறவர்களுக்கு. கைப்பையை மடியில் வைத்துக்கொண்டாள். நான் தேநீர் கொண்டுவர எழுந்ததும் பழக்கத்தில் அவளும் எழுந்தாள்.

"நான் ஊத்துறேன்க்கா."

"நீ உட்கார். விருந்தாளி எழுந்திருக்கக் கூடாது."

சொல்லும்போதே அது எங்கே போய்க் குத்தும் என்று எனக்குத் தெரியும். குத்தட்டும் என்றுதான் சொன்னேன். அவள் முகம் வெளுத்துப் போயிற்று. உட்கார்ந்தாள். தேநீர் கொண்டுவந்து வைத்தபோது, எல்லா விருந்தாளிகளும் சொல்வதைச் சொன்னாள்: "உங்களுக்கு எதுக்கு வீண் சிரமம்." என்னை அவள் 'நீங்கள்' என்று சொன்னது அதுதான் முதல் தடவை. அவளும் வேண்டுமென்றேதான் சொன்னாள், என் தங்கைதானே.

தேநீரை முழுக்கக் குடித்தாள். நான் செய்த பிஸ்கட்டில் ஒன்றை எடுத்துப் பாதி தின்றாள், மீதியைக் கைக்குட்டையில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டாள். நௌசர் மழை வருமா என்று பேசினார். வாசலில் அவள் என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். நான் கையைத் தொங்கவிட்டபடி நின்றேன். "சொல்லாமப் போனது தப்புக்கா" என்று காதில் சொன்னாள். "போனது தப்பில்லை." நான் "மறுபடியும் வாங்க" என்றேன்.

அவர்கள் படியிறங்கும் சத்தம் அடங்குவதற்குள் நான் அடுப்படியில் இருந்தேன். மூன்று தம்ளரையும் கழுவித் துடைத்துக் கவிழ்த்தேன். சோபா உறையைத் தட்டி இழுத்துவிட்டேன். பிஸ்கட் துகளைக் கையால் கூட்டி எடுத்தேன். கை தானாகச் செய்தது. எல்லாம் முடிந்ததும் வீட்டில் செய்ய ஒன்றுமே இல்லை.

அப்போதுதான் அவளுடைய ஏதாவது ஒன்று வேண்டும் என்று இருந்தது. எதற்கு என்று கேட்காதீர்கள். கோபம் குறையவில்லை, இன்றைக்கும் குறையவில்லை. ஆனாலும் வேண்டும் போல இருந்தது. அவள் அறைக்குள் போனேன். அலமாரியில் வெள்ளைக் காகிதம் மட்டும். தலையணையை எடுத்து முகத்தருகே வைத்தேன், சோப்பு வாசனை. சீப்பின் பல்லுக்கு நடுவில் பார்த்தேன். கட்டிலுக்கு அடியில் படுத்துக் கையை விட்டுத் துழாவினேன், விரலில் தூசுகூட ஒட்டவில்லை. ஜன்னலில் நெற்றி வைக்கும் இடத்தை விளக்கு போட்டுச் சாய்த்துப் பார்த்தேன். குளியலறைக்குப் போய்ச் சாக்கடை மூடியைக் கழற்றி, கம்பியைக்கூட விட்டுப் பார்த்தேன். ஐம்பத்தெட்டு வயதில், புத்தாண்டு அன்று, புது உடுப்போடு, முழங்கால் போட்டு. கம்பி வெறுமையாக வந்தது. ஏமாற்றியவள் அவள். ஆனால் இந்த வீட்டிலிருந்து அவளைத் துடைத்து எடுத்தது என் கை.

கவிழ்த்து வைத்த தம்ளர்கள் நினைவுக்கு வந்தன. ஓடிப் போய்ப் பார்த்தேன். மூன்றும் ஒரே மாதிரி இருந்தன.

அழைப்பு மணி அடித்தது. அக்தஸும் அவள் கணவரும், புத்தாண்டு சந்திப்புக்கு. முழங்காலில் ஈரத்தைத் தட்டிவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு திறந்தேன். குற்றவாளி முகத்தோடு உள்ளே வந்த அக்தஸ், என்ன பேசுவது என்று தெரியாமல் சுற்றிலும் பார்த்தாள். பிறகு பேச ஒன்று கிடைத்த நிம்மதியில் கையைத் தட்டினாள்.

"அம்மாடி, என்ன சுத்தம் ஹோமா அக்கா! இந்தத் தெருவுலயே உங்களை அடிச்சுக்க ஆள் கிடையாது. ஒரு தூசு இருக்கா பாருங்க!"

"இல்லை" என்றேன். "நானும் இவ்வளவு நேரம் தேடிப் பார்த்துட்டேன். ஒரு முடிகூட இல்லை."